ரெண்டு ஸ்டாப் தள்ளி

“தள்ளினது வண்டியா இருந்தா எங்கயாச்சும் போய் நிக்கும், மனுசனா இருந்தா…” என்று இன்னாசிமுத்துவின் பெரியப்பா ஒரு சொல் சொல்வார், எஸ்டேட் லாரி சேற்றில் புதைந்து ஆட்கள் தோள் கொடுக்கும்போதெல்லாம் சொல்வார், ஆனால் அதன் பின்பாதி ‘திரும்பிப் பார்ப்பான்’ என்பதா ‘திரும்பியே பார்க்க மாட்டான்’ என்பதா என்று, பாதி வாழ்க்கையை மஸ்கட்டில் கழித்துவிட்டு நாற்பத்தெட்டு வயதில் மலையேறி வந்த இன்னாசிக்கு நினைவில்லை. கேட்டுக்கொள்ளப் பெரியப்பாவும் இல்லை. மலை இருந்தது, மழை இருந்தது, பஜாரில் கிளம்பி மேல் டிவிஷன் வரை போகிற அந்த ஒரே பஸ்ஸும் அதே இருமலோடு இருந்தது.

பஜாரில் தையல் கடைக்கு மேல் மாடியில் இன்னாசி ஸ்டுடியோ போட்டான். அந்த மலையில் வெயில் என்பது சம்பந்தி வீட்டார் மாதிரி, ஆனியில் கோபித்துக்கொண்டு போனால் ஐப்பசி முடியத்தான் வரும், அதுவரைக்கும் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், கரண்டு நினைத்தால் வரும் நினைத்தால் போகும், மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஃப்ளாஷ் முதல் மாதமே ஈரம் குடித்துச் செத்துப் போயிற்று. கலர் பிலிமைக் கீழே அனுப்பிக் கழுவி வாங்க வாரமாகும், வருகிற முகங்களும் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக வரும். ஆகவே கறுப்பு வெள்ளை. அதை இன்னாசியே பின்னறையில் கழுவிக்கொள்வான். கழுவுவது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், பாத்திரம் கழுவுவது போல, பாவம் கழுவுவது போல.

பிலிம் கேட்கிற வெளிச்சத்தில் அங்கே கால்வாசிதான் கிடைத்தது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் அதைத் தொழிலில் ஒரு ஸ்டாப் என்பார்கள், கால்வாசியாகக் குறைந்தால் இரண்டு ஸ்டாப். குறைந்ததைப் பிலிம் கழுவும் மருந்தில்தான் ஈடுகட்ட வேண்டும், கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும், பிலிமும் மருந்தும் இருக்கிற டப்பாவைக் கூடுதலாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அதற்குப் பெயர் தள்ளுவது. தள்ளினால் படத்தில் வெள்ளை இன்னும் வெளுக்கும், கறுப்பு இன்னும் கறுக்கும், நடுவில் இருக்கிற சாம்பல் எல்லாம் ஏதாவதொரு பக்கம் சேர்ந்துகொள்ளும், முகமெங்கும் டஸ்ட் டீ தூவினாற்போல் புள்ளிகள் எழும்பும். மஸ்கட்டில் கோவாக்கார முதலாளியிடம் இதையெல்லாம் அவன் இங்கிலீஷில்தான் பேசினான், இங்கிலீஷில் பேசியவரை ஒன்றும் ஆகவில்லை. மலைக்கு வந்து முதல் சுருளை மருந்தில் போட்டபோது, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், டப்பாவிடம் தமிழில் சொன்னான்.

“சரி, ரெண்டு ஸ்டாப் தள்ளு.”

தமிழில் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று பஸ் ஏறிய எவருக்கும் தெரியும். பிலிமுக்கும் தெரிந்தது.

அந்தச் சுருளில் இருந்தவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டும் கோயில்பிள்ளை. பஜாரை விட்டால் செக்போஸ்ட், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, மாதா கெபி, பாலம், கடைசியில் மேல் டிவிஷன், இதுதான் பஸ் போகிற வழி. கோயில்பிள்ளைக்கு வீடு ஃபேக்டரி லைனில். படத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறி, ஃபேக்டரி ஸ்டாப்பில் படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார், கால் பட்டது மாதா கெபியில். மழையில் அப்படியே நின்றார். பஸ் மெதுவாக ஆஸ்பத்திரி தாண்டி, வளைவெல்லாம் வளைந்து மாதா கெபிக்கு வந்து சேர்ந்தபோது, கண்டக்டர் உத்தண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

“யோவ் மாமா, ஃபேக்டரில இறங்கினீரு. என் பஸ்ஸுக்கு முன்னாடி எப்படிய்யா வந்து நிக்கிறீரு?”

“எனக்கென்னடா தெரியும்? உன் பஸ்ஸு ஓடுற லட்சணத்துக்கு ஆமை கூட முன்னாடி வரும்.”

“டிக்கெட்டு ஃபேக்டரிக்குத்தான் இருக்கு.”

“நானும் ஃபேக்டரிலதான்டா இறங்கினேன்!”

மாதா சிலை வைத்த அந்தக் கெபி ஸ்டாப்புக்கு எதிர் வீடு கோயில்பிள்ளையின் மச்சான் வீடு. ஒரு பலாமரம் யார் எல்லையில் நிற்கிறது என்ற விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாமல் போய், மரமே ஒரு காற்றில் விழுந்து விறகான பின்னும் பேச்சில்லாமலே இருந்தது. மச்சான் சண்டையிட்டவன்தான், ஆனால் நனைகிற மனிதனைக் கதவிடுக்கில் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? துண்டு கொடுத்தான். கட்டஞ்சாயா கொடுத்தான். மறுநாளும் கோயில்பிள்ளை அங்கேயே வந்து இறங்கினார், அதற்கு மறுநாள் ஏமாற்றப் பார்த்து செக்போஸ்ட்டிலேயே இறங்கினார், அப்போதும் கால் மாதா கெபியில்தான் பட்டது. வீட்டை நோக்கிப் பஸ்ஸில் கிளம்பினால் எங்கே காலை வைத்தாலும் வீட்டைத் தாண்டி இரண்டாவது ஸ்டாப். நடந்தே போகலாம், ஆனால் மழை, அட்டை, யானை. ஒரு வாரத்தில் மச்சான் வீட்டில் அவருக்கென்று தனித் துண்டு ஒன்று கொடியில் தொங்கியது.

இன்னாசி பயந்துவிட்டான். அடுத்த சுருளை இங்கிலீஷில் சொல்லித் தள்ளிப் பார்த்தான், அதற்கடுத்ததை வாயைத் திறக்காமலே தள்ளிப் பார்த்தான், பிரயோசனமில்லை, பிலிமுக்கு அதற்குள் தமிழ் வந்துவிட்டிருந்தது. ஸ்டுடியோவைப் பூட்டிவிடலாம் என்று சாவியைத் தேடியபோது மாடிப்படி முழுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

“எங்க வீட்டுக்காரரை ரெண்டு ஸ்டாப் தள்ளிக் குடுங்கண்ணே. ‘வீட்டுக்குத்தான்டி வரேன்’னுட்டுச் சாராயக்கடையில எறங்குறாரு. வீட்டைத் தாண்டி விழுந்தா நடந்தாவது வருவாரு, தெளிஞ்சிரும்.”

“எனக்கு ஒரு ஸ்டாப்பு போதும். மாமியா வீட்டுக்கு அடுத்தது எங்கம்மா வீடு.”

“மகனைத் தள்ளணும், ஆனா அவனுக்குத் தெரியக்கூடாது. பாஸ்போர்ட் சைசுன்னு சொல்லி உக்கார வைங்க.”

இப்படித்தான் மலை அதைத் தனதாக்கிக்கொண்டது. எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யார் எங்கே இறங்குகிறார்கள் என்றே கேட்டார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முதல் வீட்டுக்காரர்கள் வாசலில் உலர்ந்த துண்டும் அரிக்கேனும் வைத்தார்கள், வந்து விழுகிறவர்களுக்குத் ‘தள்ளினவங்க’ என்று பெயர் வந்தது, தள்ளினவங்களுக்கு ஊற்றவென்று சட்டியில் ஒரு ஆள் கஞ்சி கூடுதலாக வெந்தது, சாப்பிட்டுவிட்டு அவர்கள் நடந்து திரும்பும் வழியில் இதுவரை பஸ் ஜன்னலில் மட்டும் பார்த்த வீடுகளில் நின்று பேசினார்கள். யூனியன் கூடி, தள்ளினவர்கள் காலையில் கொஞ்சம் தாமதமாகக் கொழுந்து எடுக்கப் போக அனுமதி கேட்டது, மானேஜரும் தலையாட்டினார், அவருமே தள்ளப்பட்டு இரண்டு தடவை லாரி டிரைவர் வீட்டில் சாப்பிட்டிருந்தார். பங்குச்சாமி மட்டும் பிரசங்கத்தில், கடவுள் வைத்த இடத்தில் இறங்குங்கள் என்று கண்டித்தார், பிறகு கெபியில் கூட்டம் சேர்வதைக் கண்டு அதையும் விட்டுவிட்டார்.

மேல் டிவிஷன்தான் கடைசி ஸ்டாப். அங்கே குடியிருந்த ராக்கம்மாவுக்கு, கண்ணும் காதும் சரியாக இருக்கிற எழுபது வயதுக்காரிக்கு, தானும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இன்னாசி எவ்வளவோ சொன்னான், அதற்கப்புறம் ரோடே இல்லை அத்தை என்றான். அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ் படியிறங்கியவள் காணாமல் போனாள், எல்லோரும் டார்ச்சோடு சோலைக்காட்டுக்குள் தேடக் கிளம்பியபோது தலையெல்லாம் பாசியும் மடி நிறையக் காட்டுப் பூவுமாக வெளியே வந்தாள்.

“அங்கயும் ஒரு ஸ்டாப்பு இருக்கு,” என்றாள். “நல்ல சிமெண்டு பெஞ்சு. யாரும் நிக்கல.”

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

படங்களையும் மலைக்குப் பிடித்திருந்தது. வழவழப்பான கலர் படத்தில் பாவமாகத் தெரிந்தவர்கள் இதில் பாறை மாதிரி இருந்தார்கள், கண் கறுத்து, கன்னம் வெளுத்து, பொரிபொரியாய். “இதுல நான் ஏதோ முடிவெடுத்த ஆளு மாதிரி இருக்கேன்,” என்று கோயில்பிள்ளை எல்லோரிடமும் காட்டினார். ஒன்றை மட்டும் இன்னாசி ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் உட்காரவைத்தான்: கழுவினது கழுவினதுதான். ஒருமுறை மருந்து குடித்த பிலிமை மறுபடி கழுவ முடியாது, தள்ளினால் ஆயுசுக்கும் தள்ளினதுதான்.

புரட்டாசியில் ஒருநாள் செசிலி வந்தாள்.

செசிலி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அங்கேயே குவார்ட்டர்ஸ். மலையில் எல்லோரும் அவளைச் சிஸ்டர் என்றார்கள், மானேஜர் சிஸ்டர் என்றார், எண்பது வயதுக் கிழவரும் சிஸ்டர் என்றார். இன்னாசி மட்டும் அந்த வார்த்தையைத் தப்பித்தவறியும் சொன்னதில்லை. அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் பிறகு ஒன்றுக்கும் வழியில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிடவும் தைரியமில்லை. மலைக்கு வந்த நாள் முதலாக அவளை அவன் “இந்தாங்க” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளும் அவனை அண்ணே என்று சொன்னதில்லை, அதை அவன் கவனித்து வைத்திருந்தான்.

“ஸ்டுடியோக்காரரே, டூட்டி முடிஞ்சு இப்பதான் வர முடிஞ்சுது. வெளிச்சம் பத்துமா?”

“பத்தாது. என்ன படம்?”

“எங்கக்கா பிராணனை வாங்குறா. சேலத்துல ஒரு ஹெட்மாஸ்டராம், சம்சாரம் தவறி மூணு வருசமாச்சாம். அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு, இனி யாருக்காக மலையில உக்காந்திருக்கேங்கிறா. கறுப்பு வெள்ளைலதான் எடுக்கணுமாம், வயசு தெரியாதாம். நாப்பத்திநாலு வயசை எந்த வெள்ளையில ஒளிக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மஞ்சு வந்து அவள் பக்கத்தில் நின்றது. இன்னாசி காமிராவுக்குள் பார்த்தான். வெள்ளைச் சேலை தெரிந்தது, முகம் இருட்டில் இருந்தது, ஆனால் இருட்டுக்குள் எங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எடுத்தான். அவளுக்கென்றே போட்ட சுருள்.

அதைக் கழுவ மட்டும் அவனால் முடியவில்லை. மருந்தைக் கரைப்பான், மலைத் தண்ணீரின் குளிர் போக அடுப்பில் வைப்பான், விரலை விட்டுப் பார்ப்பான், அது மறுபடி ஆறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளினால் பாலம். பாலத்து ஸ்டாப்பில் ஒரே ஒரு வீடுதான், அவனுடையது. தள்ளிக் கழுவினால் செசிலி பஜாருக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு சாயங்காலமும், அவள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அவன் வாசலில் வந்து இறங்குவாள், மழையில் நனைந்துகொண்டு நிற்பாள், அவன் துண்டு எடுத்துக்கொண்டு போவான். எவ்வளவு அழகான காரியம் என்று ஒரு மனசு சொன்னது. ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துவருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொன்று கேட்டது. சரி, தள்ளாமல் கழுவிவிடலாம் என்றால் முகம் வராது, வெறும் கரி, சேலத்துக்கு அனுப்ப ஒன்றுமிருக்காது, அதுவும் அவனுக்குத்தான் சாதகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் ஆசையே எதிரில் நிற்பதைக் கண்டு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஓ.பி. வரிசையில், முழங்கால் வலிக்கு வந்திருந்த ராக்கம்மாவுக்குப் பின்னால் நின்றான்.

“உங்களுக்கு என்ன உடம்புக்கு?” என்றாள் செசிலி.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. பிலிமுக்குத்தான்.”

எல்லாவற்றையும் சொன்னான். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. செசிலி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தாள்.

“தள்ளுனா நான் பாலத்துல இறங்குவேன்.”

“ஆமா.”

“பாலத்துல யாரு வீடு இருக்கு?”

“இவன் வீடுதான் தாயி,” என்றாள் ராக்கம்மா. “பின்ன யானையா குடியிருக்கு?”

“தள்ளலன்னா முகம் வராது. சேலம் அத்தோட முடிஞ்சுது.”

“ஆமா.”

“அப்ப ரெண்டுலயும் உங்களுக்குத்தான லாபம்?”

“அதான் ரெண்டையும் செய்யாம வந்தேன், இந்தாங்க,” என்றான் இன்னாசி, சுருளை நீட்டிக்கொண்டு. கூப்பிட்டதா கொடுத்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் வாங்கினாள். நுனியைப் பிடித்துச் சரசரவென்று உருவினாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிலிம் நெளிநெளியாகத் தரைவரைக்கும் தொங்கியது, அதிலிருந்த அவள் முகம் எங்கேயென்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

“ஐயையோ, போட்டா போச்சே!” என்றாள் ராக்கம்மா.

“வெயில் வரட்டும்,” என்றாள் செசிலி. “யாரும் தள்ளாம நான் எப்படியிருக்கேன்னு பாப்போம். அடுத்த ஆளு வாங்க.”

வெயில் ஐப்பசிக் கடைசியில் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து கூரைத் தகரங்களில் ஏறிக்கொண்டது, மலை முழுக்கக் கம்பளிகளைத் தூக்கி வேலியில் போட்டது, லைன் வீடுகளின் சுவரெல்லாம் ஆவி பறந்தது, நாய்கள் நடுரோட்டில் மல்லாந்து படுத்தன, உத்தண்டு பஸ்ஸின் ஜன்னல்களைத் திறக்க முயன்று துருப்பிடித்த இரண்டு கண்ணாடிகளை உடைத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செசிலி மாடியேறி வந்தாள். மொட்டை மாடியில் நிற்கவைத்து எடுத்தான். தள்ளாமல், உள்ளபடிக் கழுவினான். அவள் கீழே தையல் கடையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

படத்தில் எல்லாச் சாம்பலும் இருந்தது. கண்ணுக்குக் கீழே அம்மாவைப் பார்த்துக்கொண்ட இரவுகள் இருந்தன, காதோரம் நரை இருந்தது, உதட்டில் சொல்லாமல் வைத்திருந்த ஏதோ ஒரு கேலி இருந்தது. செசிலி அதை வெகுநேரம் பார்த்தாள். கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“ஊரையே நிக்க வச்சு எடுத்தீங்களே, உங்களை யாரு எடுத்தா?”

“யாருமில்ல.”

“வாங்க. போய் நில்லுங்க.”

புதுச் சுருள் போட்டுக் காமிராவைக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிச் சுவரோரம் போய் நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை பேரை எப்படி நிற்கச் சொன்னோம் என்று ஆச்சரியமாக இருந்தது. அவள் லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன டிக்கு டிக்குங்குது?”

“ஒவ்வொரு டிக்கும் ஒரு ஸ்டாப்பு. அப்படித் திருப்பாதீங்க, அந்தப் பக்கம் திருப்பினா வெளிச்சம் கூடிரும். ரெண்டு டிக்கு திருப்பிட்டீங்க.”

“கூடினா என்ன?”

“சாதாரணமா கழுவினா முகம் வெளுத்துப் போயிரும்.”

“அப்ப தள்ளணுமா?”

“இல்ல, இது நேர்மாறு. மருந்துலருந்து சீக்கிரமே எடுத்துரணும். இழுக்கிறதும்பாங்க.”

“இழுத்தா ஆளு என்ன ஆவான்?”

மலையில் அதுவரை யாரையும் இழுக்க வேண்டிவந்ததில்லை, அதற்கு வேண்டிய வெயில் இருந்ததே இல்லை. இன்னாசி கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.

“அவன் வீட்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே இறங்கிருவான்.”

செசிலி காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கீழே விட்டிருந்த இடது கையின் விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கின: பாலம், மாதா கெபி, ஆஸ்பத்திரி. வளையத்தை அவள் திரும்பத் திருப்பவில்லை. அப்படியே பொத்தானை அழுத்தினாள்.

“கழுவினது கழுவினதுதான், இல்ல?”

“ஆமா.”

“நான் சேலம் போயிட்டேன்னா?”

“அப்பவும் அங்கதான் இறங்குவேன். நடந்து வீட்டுக்குப் போவேன்.”

“அங்க கூரை கிடையாது.”

“தெரியும்.”

“நான் துண்டெல்லாம் எடுத்துட்டு ஓடி வர ஆளு கிடையாது. பாதி நாள் நைட் டூட்டி வேற.”

“தெரியும்.”

“என்னைக் கேக்காதீங்க. அது கவர்மெண்ட் ஸ்டாப்பு, எவன் வேணா இறங்கலாம்.” காமிராவை அவன் கையில் வைத்தாள். “இன்னாசி, நேரமாச்சு. ஓ.பி.க்குப் போகணும்.”

பேர் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். கீழே தையல் மிஷின் நின்று, அவள் கடையைத் தாண்டியதும் மறுபடி ஓடியது. வெயில் இன்னும் மாடியில் இருந்தது. இன்னாசி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் சுருளை டப்பாவுக்குள் ஏற்றி மூடி, மருந்தைக் கரைத்து, தன் படத்தை ரெண்டு ஸ்டாப் இழுத்துக் கழுவினான்.